கொயர் நடத்துநராகப் பிழைக்க முடியுமா? எஸ்தோனியப் பாடல் திருவிழா பற்றி ஒரு கேள்வி

ஆல்டோ மாலதி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கத்திய இசையில் பட்டம் முடித்திருக்கிறேன். பியானோ வாசிப்பேன். ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் ஒரு கலப்புக் கொயரில் (பாடகர் குழுவில்) ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்குரல் பாடுகிறேன், இப்போதெல்லாம் ஒத்திகையில் பாதியை நான்தான் நடத்துகிறேன். எஸ்தோனியாவின் தலைநகர் டாலினில் இருக்கும் எஸ்தோனிய இசை, நாடக அகாடமியில் கொயர் நடத்துநர் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த யோசனை வந்ததே 2025 ஜூலையில் அங்கே நடந்த பாடல் திருவிழாவைப் பார்த்த பிறகுதான். மழை கொட்டுகிறது. மேடை முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு அசையாமல் நின்று பாடுகிறார்கள். எதிரே உயரமான ஒரு சின்ன மேடையில் ஒருவர் தனியாக நின்று நடத்துகிறார். பாட்டு முடிந்ததும் அவருக்கு இலை மாலை போடுகிறார்கள், அவர் இறங்க, அடுத்தவர் ஏறுகிறார். பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆனால் வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அந்த மேடையில் ஏறுகிறவர்கள் மற்ற நாட்களில் என்ன வேலை செய்கிறார்கள்? திருவிழா அவர்களுக்கு வாழ்க்கை அமைத்துத் தருகிறதா, இல்லை ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்குக் கிடைக்கிற மரியாதையா? ஆறு பேர், எட்டு பேர் மட்டும் பாடும் சின்னக் குழுக்கள் எப்படிப் பிழைக்கின்றன? எஸ்தோனிய மொழி தெரியாமல் போனால் என்ன ஆகும்? அங்கே இருப்பவர்கள், அந்தப் பக்கம் படித்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


டாலின் பேஸ் எழுதியது:

வணக்கம் மாலதி. நான் டாலினில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மாலையில் இங்குள்ள ஒரு அமெச்சூர் கலப்புக் கொயரில் இரண்டாம் பேஸ், ஆண்களின் தாழ்குரல். 2019 திருவிழாவிலும் 2025 திருவிழாவிலும் அந்த மேடையில் நின்று பாடியவன். நான் நடத்துநர் இல்லை. ஆனால் நடத்துநர்களின் கைக்குக் கீழேயே இத்தனை காலம் நின்றதால் அவர்கள் வாழ்க்கையைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: திருவிழா யாருக்கும் வேலை தருவதில்லை. அந்த உயர மேடையில் ஏறுகிறவர்களைப் பொது நடத்துநர்கள் என்பார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டு, சிலருக்கு இரண்டு. அந்தத் திருவிழாவுக்கு மட்டும் நியமனம், அடுத்தது வழக்கமாக ஐந்து வருடம் கழித்து. நடுவில் இளைஞர் திருவிழா ஒன்று வரும். வருடம் முழுக்கச் சோறு போடுவது வார நாள் மாலை ஒத்திகைகள்தான்.

எங்கள் நடத்துநரையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் பள்ளியில் இசை ஆசிரியை, அங்கேயே குழந்தைகள் கொயர். ஒரு மாலை எங்களோடு, இன்னொரு மாலை ஒரு பெண்கள் கொயரோடு. பள்ளிச் சம்பளம் ஒன்று, உள்ளாட்சி தரும் பணம் ஒன்று, பாடகர்களான நாங்கள் கட்டும் மாதச் சந்தாவிலிருந்து ஒரு பங்கு. எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு ஆளுக்கு ஒழுங்கான வருமானம். திருவிழாக் குழுக்களை நடத்துகிறவர்களின் சம்பளச் செலவுக்கு அரசு இப்போது தனியாக உதவித்தொகை தருகிறது. அது வர நெடுங்காலம் பிடித்தது, இன்னும் அதிகம் தர வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் மேடையில் நிற்கும் முப்பதாயிரம் பேரையும் தயார் செய்வது இவர்கள்தான். பாடுகிற எங்களுக்குக் காசு கிடையாது, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

அப்புறம், திருவிழா என்றால் ஜூலையில் வரும் மூன்று நான்கு நாள் என்று நினைத்துவிடாதீர்கள். பாடல் புத்தகம் முன்கூட்டியே வந்துவிடும். ஒவ்வொரு கொயரும் அதைக் கற்று நடுவர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும். தேறாமல் வீட்டுக்குப் போகும் கொயர்களும் உண்டு, கண்ணீர் விட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். தேறியவர்களுக்கு வட்டார ஒத்திகைகள். பொது நடத்துநர் நேரில் வருவார். ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் எட்டு பத்து கொயர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அவரவர் நடத்துநர்களும் எங்களோடு சேர்ந்து சொப்ரானோவிலோ (பெண்களின் உயர்குரல்) டெனரிலோ (ஆண்களின் உயர்குரல்) உட்கார்ந்து பாடுவார்கள்.

நீங்கள் கேட்ட தொழில் வாழ்க்கை உருவாகும் இடம் எனக்குத் தெரிந்து அந்தக் கூடம்தான். வந்தவர் முன்பின் தெரியாத முன்னூறு பேரிடம் ஒரு மணி நேரத்தில் என்ன மாற்றத்தைக் கொண்டுவருகிறார் என்பதை அத்தனை நடத்துநர்களும் பாடிக்கொண்டே கவனிக்கிறார்கள். யார் கத்தாமல் வேலை வாங்கினார், யார் ஆல்டோ வரிசையை மறந்தே போனார், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு எங்காவது ஒரு கொயருக்கு ஆள் தேவைப்பட்டால் இவர்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் இங்கு வந்தால் முதல் வருடமே எப்படியாவது ஒரு கொயரில் சேர்ந்து, பாடகியாகவாவது அந்தக் கூடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

உயர மேடையில் நடத்துவது தனிக் கலை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒலி 34 மீட்டர் போவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கேட்கச் சின்ன நேரம்தான். ஆனால் அந்த வளைந்த பெரிய மேடையின் ஒரு ஓரத்தில் நிற்கும் எனக்கு மறு ஓரத்துச் சொப்ரானோ ஏறக்குறைய அரை எழுத்து பிந்தித்தான் வந்து சேரும். பக்கத்து ஆளைக் கேட்டுப் பாடு என்று எல்லாக் கொயரிலும் சொல்லிக் கொடுப்பார்கள். இங்கே, காதை நம்பாதே, கையைப் பார் என்பார்கள். நடத்துநருக்கு இன்னும் கஷ்டம். தன் காதில் விழும் ஒலிக்காகக் காத்திருந்தால் அடுத்த அடி தாமதமாகும், அதைப் பார்த்துப் பாடகர்களும் தாமதிப்பார்கள், நாலாவது வரிக்குள் பாட்டு இழுவையாகிவிடும். அதனால் காதில் என்ன விழுந்தாலும் அவர் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மூச்சை ஒரு முழு அடி முன்னதாகக் காட்ட வேண்டும். மணிக்கட்டு வேலைக்கு ஆகாது, தோளிலிருந்து வர வேண்டும். சின்ன அறையில் இருபது பேரை வைத்து அற்புதம் செய்யும் சிலர் அங்கே ஏறித் திணறுவதையும், ஊர்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏறிய நிமிடமே முப்பதாயிரம் பேரையும் பிடித்துவிடுவதையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பழைய கதையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நடத்துநருக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

முதல் திருவிழா 1869இல், டார்ட்டு நகரில். ஆண்கள் கொயர்களும் பித்தளை வாத்தியக் குழுக்களும் மட்டும். பாடல்களில் பெரும்பாலானவை ஜெர்மன் மூலம் கொண்டவை. எஸ்தோனியர் இசையமைத்தவை இரண்டே இரண்டு, இரண்டும் அலெக்ஸாண்டர் குனிலெய்ட் எழுதியவை. திருவிழாவை நடத்தியவர்களில் அவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 23, முப்பது ஆவதற்குள் இறந்துபோனார். 1894 திருவிழாவில் மீனா ஹார்மா நடத்தினார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வட்டரியில் ஆர்கன் படித்தவர், இந்தத் திருவிழாவை நடத்திய முதல் பெண். உங்கள் வீட்டில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

1950இல் நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1947 திருவிழாவை நடத்தியவர்களில் மூவர், டூதுர் வெத்திக், ரிஹோ பேட்ஸ், அல்ஃப்ரெட் கரிந்தி, அடுத்த திருவிழாவுக்கு முன்பே சோவியத் ஆட்சியால் கைது செய்யப்பட்டார்கள். தண்டனை முகாம். 1950களின் நடுவில்தான் திரும்பினார்கள். திரும்பிய பேட்ஸ் செய்ததைப் பாருங்கள்: பள்ளிக் குழந்தைகளுக்குச் சுரம் பார்த்துப் பாடக் கற்றுக்கொடுக்க யோ, லெ, மி, நா, ஸோ, ரா, டி என்ற முறையை உருவாக்கினார். நம் ஸட்ஜம் போல, யோவை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம். இங்கே என் பக்கத்தில் நின்று பாடும் பெரியவர் புதுப் பாட்டின் தாளைக் கையில் வாங்கிய உடனே பாடத் தொடங்குவார். எப்படி என்று கேட்டேன். பள்ளியில் யோ லெ மி என்றார். ஒரு நடத்துநரின் தொழில் வாழ்க்கையை எந்தக் கணக்கில் அளப்பது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பெரியவரைத்தான் காட்டுவேன்.

நான்காவது பெயர் குஸ்தாவ் எர்னெசாக்ஸ். 1944இல் தொழில்முறை ஆண்கள் கொயரைத் தொடங்கியவர், இன்று அது தேசிய ஆண்கள் கொயர். குனிலெய்டின் பாட்டுக்கு லிதியா கொய்துலா எழுதிய அதே கவிதைக்கு இவர் புது மெட்டுப் போட்டார். 1947இல் பாடப்பட்டது, பிறகு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 1960 திருவிழாவில் பட்டியலில் இல்லாமலேயே மக்கள் தாங்களாகப் பாடினார்கள். இன்றுவரை அது இல்லாமல் திருவிழா முடிவதில்லை. மைதானத்தின் மேட்டில் எர்னெசாக்ஸ் சிலையாக உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி உலகம் சுற்றும் வகை. டோனு கல்யுஸ்தே, 1953இல் பிறந்தவர். அப்பா ஹெய்னோ கல்யுஸ்தேயும் நடத்துநர். அப்பாவிடமிருந்த எல்லர்ஹெய்ன் என்ற அமெச்சூர் சேம்பர் கொயரை (சிறு கொயரை) மகன் 1974இல் ஏற்றார். 1981இல் அது எஸ்தோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் கொயர் என்ற தொழில்முறைக் குழுவாயிற்று. நடுவில் ஸ்வீடன் வானொலிக் கொயரின் தலைமை நடத்துநராகவும் இருந்தார். எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் படைப்புகளைப் பதிவு செய்து 2014இல் கிராமி வாங்கினார். அந்த உச்சியில் இருப்பது ஒரு நாட்டுக்கு இரண்டு மூன்று பேர்தான், மாலதி. ஆனால் அந்த உச்சிக்குப் போன வழியும் அமெச்சூர்க் கொயர் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது.

2025இன் கலை இயக்குநர் ஹெலி யூர்கென்சன், அதே பில்ஹார்மோனிக் கொயரை நெடுநாள் ஒத்திகையில் தயார்ப்படுத்தி வந்தவர். நீங்கள் பார்த்த மழைத் திருவிழா அவர் அமைத்தது.


ரிகா சொப்ரானோ எழுதியது:

டாலின் பேஸ் அண்ணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லாட்வியாவிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இங்கும் 1873 முதல் இதே மாதிரித் திருவிழா. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றின் திருவிழாக்களும் சேர்ந்துதான் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. இங்கே கொயர்களுக்கிடையே கடுமையான போட்டி உண்டு, அதற்குப் பெயரே கொயர்ப் போர். ஜெயித்த கொயரின் இளம் நடத்துநரை அதற்குப் பிறகு எல்லாரும் கவனிப்பார்கள். அந்த வகையில் இங்கே திருவிழாவே நேரடியாக ஒரு கதவைத் திறக்கிறது, அண்ணா சொன்னதிலிருந்து இதில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

மாரிஸ் சிர்மைஸ் 1990இல் காமேர் என்ற இளைஞர் கொயரைத் தொடங்கினார். எல்லாரும் மாணவ வயதுக்காரர்கள். 1997இல் அவர் லாட்வியாவின் அரசுக் கொயரின் தலைமைக்கு வந்துவிட்டார். நல்ல இளைஞர் கொயர் ஒன்றை உண்டாக்குவதுதான் இங்கே ஒருவர் காட்டக்கூடிய மிகப் பெரிய தகுதிச் சான்று.

இன்னொரு பெயர் ஹரால்ட்ஸ் மெட்னிஸ். சோவியத் காலத்தில் நடந்த 1985 திருவிழாவில் இசையமைப்பாளர் யாசெப்ஸ் வீதல்ஸின் ‘ஒளியின் கோட்டை’ பட்டியலில் இல்லை, மெட்னிஸுக்கும் நடத்தும் இடம் இல்லை. கடைசி நாள் இரவு பாடகர்கள் அந்தப் பாட்டைக் கேட்டுக் கூப்பிட்டார்கள், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனிதர் ஏறி வந்து நடத்தினார். என் கொயரில் அன்றைக்கு அங்கே பாடிய அம்மா ஒருவர் இருக்கிறார். அந்தப் பாட்டை எடுத்தால் இன்றும் முதல் வரியில் அவர் குரல் நடுங்கும். பதவியைப் பிடுங்கலாம், பாடகர்கள் ஒருவரின் கைமேல் வைத்த நம்பிக்கையைப் பிடுங்க முடியாது என்று அந்த அம்மா சொல்லுவார்.

குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.


ஆல்டோ மாலதி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ரிஹோ பேட்ஸ் பகுதியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். மீனா ஹார்மா பெயரை அம்மா எழுதி வைத்துக்கொண்டார். சின்னக் குழுக்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். எனக்கு நடத்துவது எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு எட்டுப் பேரோடு நின்று பாடுவதும் பிடிக்கும்.


டெனர் தேவா எழுதியது:

நான் ஒரு எட்டுப் பேர் குழுவில் டெனர், நாங்கள் இருப்பது ஜெர்மனியில். மேடையேற்றத்தில் மட்டும் குழுவில் யாரும் முழுதாகப் பிழைக்கவில்லை. ஒருவர் தேவாலய ஆர்கன் வாசிக்கிறார், இருவர் குரல் பயிற்சி தருகிறார்கள், நான் இரண்டு கொயர்களை நடத்துகிறேன். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் துறையில் இதுதான் சாதாரண அமைப்பு. நடத்துநர் வேலையும் குழுப் பாட்டும் ஒன்றையொன்று தாங்கும்.

பால்டிக் பக்கம் எனக்குப் பிடித்த உதாரணம் வாக்ஸ் கிளமான்டிஸ். யான்-எய்க் டுல்வே 1996இல் தொடங்கினார். கிரிகோரியன் ஓதுதலை, அதாவது கத்தோலிக்கத் தேவாலயங்களின் பழைய ஒற்றை மெட்டுப் பாடல் முறையை, அடித்தளமாக வைத்துக்கொண்ட குழு. எல்லாரும் பாடும் பாடல்களை அவர்கள் தேடிப் போகவில்லை. ஒரு குறுகிய பாதையை எடுத்து அதை ஆழமாகத் தோண்டினார்கள், பிறகு ஆர்வோ பேர்ட்டின் படைப்புகளை ஈ.சி.எம். என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்யும் இடத்துக்கு வந்தார்கள். லாட்வியன் வாய்ஸஸ் வேறு வகை. 2009இல் லௌரா யேகப்சோனே தொடங்கிய பெண்கள் குழு, வாத்தியமே கிடையாது, தங்களுக்கான பாடல்களைத் தாங்களே எழுதி அமைத்துக்கொள்கிறார்கள். இரண்டு குழுக்களிடமும் நான் பார்ப்பது ஒன்றுதான்: வேறு யாரிடமும் கிடைக்காத ஒரு ஒலி இவர்களிடம் இருக்கிறது. விழா அமைப்பாளர் எட்டு அழகான குரல்களுக்காகத் தொலைபேசியை எடுப்பதில்லை, அந்த ஒலிக்காகத்தான் எடுக்கிறார்.

பெரிய திறந்தவெளித் திருவிழா எட்டுப் பேர் குழுவுக்கு உரிய இடம் இல்லை. மைக் இல்லாமல் மூன்றாவது வரிசைக்குக் கூடக் கேட்காது. ஆனால் திருவிழாவுக்கு ஊரே பாடும் பழக்கம் இருப்பதால்தான் அங்கே குழுவின் கச்சேரிக்குக் காசு கொடுத்து வந்து உட்கார ஆள் இருக்கிறது. வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே ஆல்டோவோ பேஸோ பாடுகிறவர்கள். நடுக்குரல் ஒன்றில் ஒரு சுரம் இறங்கினால் முகம் சுளிப்பார்கள். அப்படி ஒரு ரசிகர் கூட்டத்தின் முன் பாடுவது பெரிய பாக்கியம்.

மாலதி, நடத்துநராக வெளியே தெரிய இன்னொரு வழி போட்டிகள். இளம் கொயர் நடத்துநர்களுக்கான ஸ்வீடனின் எரிக் எரிக்சன் விருதை 2003இல் வாங்கிய பீட்டர் டைக்ஸ்ட்ரா அடுத்த சில ஆண்டுகளில் பவேரிய வானொலிக் கொயருக்கும் ஸ்வீடன் வானொலிக் கொயருக்கும் தலைமை ஏற்றார். 2021இல் அதை வாங்கியவர் லாட்வியாவின் கிறிஸ்டா அவுடெரெ. வானொலிக் கொயர்களில்தான் முழு நேரச் சம்பளம் வாங்கும் பாடகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்க முப்பதாயிரம் பேரைப் பிடிக்கும் தோள் உதவாது. ஒரு சுரத்தின் உயரத்தை மயிரிழை அளவுக்குக் கேட்டு, அதை ஒரே சொல்லில் சரி செய்யும் காதும் வாயும் வேண்டும். படிக்கும்போதே இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள்.


டாலின் பேஸ் எழுதியது:

தேவா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். ரிகா தங்கச்சி சொன்ன கொயர்ப் போரும் சரிதான், அந்த விஷயத்தில் லாட்வியர்கள் எங்களைவிடத் தீவிரமானவர்கள்.

விட்டுப்போன மொழிக் கேள்விக்கு வருகிறேன். அகாடமி வகுப்பில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம், தொழில்முறைக் கொயரிலும் ஓரளவு முடியும். ஆனால் பிழைப்பு இருப்பது பள்ளியிலும் அமெச்சூர்க் கொயரிலும் என்று மேலே சொன்னேனே, அங்கே எஸ்தோனியம் இல்லாமல் நடக்காது. ஏழு வயதுக் குழந்தை உங்களிடம் ஆங்கிலத்தில் பாடம் கேட்காது. அமெச்சூர்க் கொயரில் ஒத்திகை இடைவேளையில் காபி குடித்தபடி பேசும் பேச்சில்தான் யார் மனதில் என்ன இருக்கிறது என்பது தெரியும், அதைத் தவறவிட்டால் நடத்துநரால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு மொழி வந்ததே பாட்டு வழியாகத்தான். குறிலும் நெடிலும் அங்கே உயிர்நாடி, அதற்கும் மேலே இன்னொரு நீளம் உண்டு. ஒரு எழுத்தை நீட்டிவிட்டால் பொருள் மாறிவிடும். தமிழ் வாய்க்கு அது சீக்கிரம் பிடிபடுகிறது. ‘ஊ’வுக்கும் ‘ஈ’க்கும் நடுவில் ஒரு உயிரொலி இருக்கிறது, அதற்கு மட்டும் கண்ணாடி முன் நின்று உதட்டைப் பழக்க வேண்டும். எஸ்தோனிய இசையமைப்பாளர் வெல்யோ டார்மிஸின் கொயர்ப் படைப்புகளை ஸ்கோரோடு (சுரக் குறிப்புத் தாளோடு) கேட்டுக்கொண்டே வாருங்கள். பழைய நாட்டுப் பாடல் அடியை அப்படியே வைத்துக் கட்டியவை, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், சொல் தானாக மனதில் தங்கும்.

விண்ணப்பத்துக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்பதை அகாடமியின் பக்கத்திலேயே பாருங்கள், வருடத்துக்கு வருடம் மாறலாம். பொதுவாக இப்படிப்பட்ட தேர்வுகளில் உயிருள்ள ஒரு கொயரை முன்னால் நிறுத்தி, சில நிமிடம் ஒத்திகை நடத்தச் சொல்வார்கள். அதனால் கச்சேரி வீடியோவை மட்டும் சேர்த்து வைக்காமல், உங்கள் கொயரோடு நீங்கள் ஒத்திகை நடத்துவதை இப்போதே பதிவு செய்து பாருங்கள். எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள், எவ்வளவு நேரம் அவர்களைப் பாட விடுகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நடத்துநர் புதிதாக வரும் உதவி நடத்துநர்களிடம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டாலினுக்கு வந்தால் தனிமடலில் சொல்லுங்கள். எங்கள் கொயரில் ஆல்டோவுக்கு எப்போதும் இடம் உண்டு, ஒத்திகை மாலை ஆறரைக்கு.